பேர் வெட்டிய தட்டும் பேரில்லாத கட்டியும்

எங்கள் வீட்டில் திருடியவனை யாரும் பார்க்கவில்லை. வழக்கு முடிகிறவரைக்கும் அப்படி ஒரு சாட்சி கிடைக்கவே இல்லை. இருந்தும் தண்டனை கிடைத்தது, பாதி. மீதிப் பாதி ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் இந்தப் பக்கம் இருக்கிற யாருக்காவது உதவும்.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு சுற்றுவட்டாரத்து நெசவு ஊர்களில் ஆடிக் கிருத்திகை என்றால் தறி ஓடாது. காவடி எடுக்கிற வீடு, எடுக்காத வீடு என்றெல்லாம் இல்லை, தெருவே பூட்டிக்கொண்டு திருத்தணிக்குக் கிளம்பிவிடும். இது எங்களுக்குத் தெரிகிற மாதிரி மற்றவர்களுக்கும் தெரியும்தானே. ராத்திரி அடிவாரத்தில் தங்கிவிட்டு விடியற்காலை வந்து பார்த்தால் கிரில் கேட்டில் பூட்டைக் காணோம், முன்கதவை நெம்பியிருக்கிறான், பீரோ திறந்து கிடக்கிறது.

அந்த நேரத்தில் வாசலில் கூடின கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் பீரோவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொன்னார்கள். என் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "யாரும் உள்ளே போகாதீங்க, எதையும் எடுத்து வைக்காதீங்க" என்று கத்தாமல் இருந்திருந்தால் யாராவது கூட்டிப் பெருக்கிக் கோலமே போட்டிருப்பார்கள். அறுத்துப் போட்ட பூட்டு செம்பருத்திச் செடி ஓரம் கிடந்தது. அதையும் அத்தை தொட விடவில்லை. பிற்பாடு அந்தப் பூட்டு நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. பூட்டை உடைத்து நுழைந்ததற்கு அதுதான் ஆதாரம். ஒன்று சொல்கிறேன்: பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவியை எடுத்துத் திறந்தாலும் சட்டப்படி அது வீட்டை உடைத்து நுழைந்ததுதான். "நாமதானே சாவியை வெச்சோம்" என்று புகாரில் அதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டியதே இல்லை.

புகார் எழுதும்போது இரண்டு பக்கமும் இழுத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர், "போனது போகட்டும், நாற்பது பவுன்னு எழுது, திரும்பி வரும்போது குறைச்சுத்தான் வரும்" என்றார். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவரோ சுமாராக ஒரு தொகை போட்டு முடித்துவிடலாம் என்கிற மாதிரி பேசினார். என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் மசியவில்லை. எனக்கு உறுதியாக ஞாபகம் இருந்ததை மட்டும் எழுதச் சொல்லி, "மற்றவற்றை வீட்டில் சரிபார்த்துப் பிறகு பட்டியல் தருகிறோம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு வரி பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது. இரண்டாவது பட்டியலில் வெள்ளித் தட்டு வந்தபோது, "முதல் புகாரில் இது இல்லையே, போலீஸ் பிடித்த பிறகு சேர்த்ததுதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பட்டியல் கொடுத்தது கைது நடப்பதற்கு ரொம்ப நாள் முன்பு. ஸ்டேஷனில் அதைப் பெற்றுக்கொண்டு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தோம், தேதியோடு. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்கி ஒரு பைலில் போடுங்கள், கூடவே நீங்கள் கொடுக்கிற எல்லாவற்றுக்கும் ரசீது.

எங்கள் சம்பவம் புதிய சட்டங்களுக்கு முந்தையது. அதனால் இந்திய தண்டனைச் சட்டம் 457, 380 என்று போட்டார்கள். இரவில் வீட்டை உடைத்து நுழைந்தது ஒன்று, குடியிருக்கும் வீட்டில் திருடியது இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 331(4), 305 என்று பார்ப்பீர்கள். இரவு என்றால் சூரியன் மறைந்ததற்குப் பிறகு, உதிப்பதற்கு முன். அதனால்தான் எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்கு வந்தோம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

கைரேகை நிபுணர் அன்று மத்தியானம் வந்தார். பீரோ கதவில் ஊரே கை வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே லாக்கர் அறையைப் பார்த்தார். லாக்கருக்குள் இருக்கிற சின்ன இழுப்பறையின் உள்பக்கம் ஒரு ரேகை கிடைத்தது. எங்கள் எல்லாருடைய ரேகையையும் எடுத்துக்கொண்டு போனார், எங்களுடையதைக் கழிப்பதற்கு. எனக்கு அப்போது புரியாதது விசாரணையில்தான் புரிந்தது. வெளிக்கதவில் ஒருவன் ரேகை இருந்தால், "நான் தறிக்கு நூல் இறக்க வந்தவன், தாகத்துக்குத் தண்ணி கேட்டேன்" என்று ஏதாவது சொல்லலாம். லாக்கர் இழுப்பறைக்கு உள்ளே கை போனதற்கு என்ன சொல்வான்? ரேகை எங்கே கிடைத்தது என்பதில்தான் அதன் கனமே இருக்கிறது. இன்றைய நடைமுறைச் சட்டத்தில் ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறது. வீட்டுத் திருட்டு அதில் அடங்கும். மாநிலங்கள் அதைப் படிப்படியாகக் கொண்டுவர அவகாசம் உண்டு என்றாலும், "எப்போ சார் வருவாங்க?" என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

கேமரா விஷயம்தான் வயிற்றெரிச்சல். எதிர்வரிசைத் தறிக்கூடத்தில் கேமரா இருந்தது. இரண்டு பேர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போவது அதில் நன்றாகவே தெரிந்தது. அந்த வீட்டுப் பையன் அதை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். ஊர் முழுக்கப் பார்த்தது, நீதிமன்றம் பார்க்கவில்லை. போலீஸ் ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்கள், அதற்கான சான்றிதழ் யாரும் வாங்கவில்லை. மின்னணுப் பதிவின் நகலைக் காட்டுகிறோம் என்றால் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தரும் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63. இப்போது படிவமே இரண்டு பாகம்: ஒன்று கருவிக்குப் பொறுப்பானவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டுகிற ஹாஷ் எண்ணும் அதில் வர வேண்டும். எங்கள் வழக்கில் சான்றிதழ் வாங்கலாம் என்று யோசித்தபோது பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறியிருந்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது: அந்த கேமராவின் கடிகாரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்னால் ஓடியது, அதை யாரும் மகஜரில், அதாவது சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதுகிற பத்திரத்தில், குறிக்கவில்லை. பக்கத்து வீட்டு கேமராவில் ஏதாவது கிடைத்தால் அன்றே போலீஸிடம், "பதிவு ஏறுகிற டிவிஆர் பெட்டியையே எடுத்துக்கொண்டு போங்க சார், இல்லாவிட்டால் சான்றிதழோட நகல் எடுங்க" என்று சொல்லுங்கள். டிவிஆரின் கடிகாரத்தையும் உங்கள் போனின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்.

மூன்று மாதம் சத்தமே இல்லை. ஐப்பசியில் நகரி பக்கத்தில் ஆந்திரா போலீஸ் வாகனச் சோதனையில் ஒருவனைப் பிடித்தார்கள். பையில் வெள்ளிச் சாமான்கள். அதில் என் அப்பா சீர் வைத்த தட்டு இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். பொண்ணு பேர், கல்யாணத் தேதி, ஊர் எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நகரியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? ஒரு கான்ஸ்டபிள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எங்கள் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். வழக்கு துப்புத் துலங்கியது இப்படித்தான். சின்ன வயதில் அம்மா டம்ளரில்கூடப் பேர் வெட்டும்போது கிண்டல் செய்திருக்கிறேன், இப்போது வாயே திறப்பதில்லை.

எல்லை தாண்டின வழக்கில் ஒவ்வொன்றும் இரட்டை வேலை. அவன் ஆந்திரா வழக்கில் சிறையில் இருக்கிறான். அவனை இங்கே கொண்டுவர பி.டி. வாரண்ட், அதாவது வேறு வழக்கில் சிறையில் இருப்பவனை இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு. தட்டு அந்தப் பக்கத்து நீதிமன்றத்தில் இருக்கிறது. அது எங்கள் வழக்குக்கு வர இரண்டு நீதிமன்றத்துக்கும் நடுவே காகிதம் நடக்க வேண்டும். கைப்பற்றிய மகஜர் தெலுங்கில். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். சாட்சி அந்த ஊர்க்காரர், சம்மன் அங்கே போய்ச் சேர வேண்டும், அவர் பஸ் ஏறி வர வேண்டும். வாய்தா ஏன் இத்தனை போகிறது என்று நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தவள் நான். பாதி வாய்தா இதற்கே போனது என்று பிறகு புரிந்தது.

இங்கே வந்ததும் அவனைக் காவலில் எடுத்து விசாரித்தார்கள். புத்தூரில் ஒரு அடகுக்கடையைக் காட்டினான். அங்கிருந்து என் ஆரமும் ஒரு தங்கக் கட்டியும் கிடைத்தன. ஊரில் எல்லாரும், "அதான் ஒத்துக்கிட்டானே, அப்புறம் என்ன கேஸ்?" என்றார்கள். போலீஸிடம் ஒத்துக்கொண்டது சாட்சியம் ஆகாது. அதில் ஒரே ஒரு விலக்கு: அவன் சொன்னதால் ஒரு புது உண்மை வெளிப்பட்டால், அந்த உண்மையோடு நேராகச் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, இப்போது சாக்ஷிய அதினியத்தின் 23-இல் அடங்கியிருக்கிறது. இதன் எல்லையை வரைந்து காட்டிய வழக்கு எங்கள் பக்கத்து மாநிலத்துக் குண்டூர்ச் சீமையிலிருந்து, வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி மேல்முறையீடு கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்கு. 1947-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருப்பதை இன்றைக்கும் எல்லா நீதிமன்றத்திலும் எடுத்துப் படிக்கிறார்கள். அதன்படி, "இந்தக் கடையில் கொடுத்தேன், காட்டுகிறேன்" செல்லும். "அந்த வீட்டில் திருடிய நகையை" என்கிற பகுதி செல்லாது. அப்படியானால் அந்த நகை எங்கள் வீட்டுடையது என்பதை வேறு வழியில் காட்ட வேண்டும். அந்த வேலை போலீஸுடையது இல்லை, என்னுடையது.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல கெட்டிக்காரர். அவர் பிடித்த பிடி எல்லைப் பக்கத்து வழக்குகளில் எல்லாரும் கவனிக்க வேண்டியது. "ஆந்திரா போலீஸிடம் என் கட்சிக்காரர் ஏற்கனவே எல்லாம் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் இந்தக் கடை அப்போதே தெரிந்ததுதானே? தெரிந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன கண்டுபிடித்தீர்கள்?" நியாயமான கேள்விதான். நகரி பக்கத்து அதிகாரி வந்து சாட்சி சொன்னபோது, விற்றுவிட்டதாகத்தான் அவன் சொன்னான், எந்தக் கடை என்று சொல்லவில்லை என்றார். அவருடைய தெலுங்கு ஆவணத்திலும் கடைப் பேர் இல்லை. அது மட்டும் இருந்திருந்தால் ஆரம் வழக்கிலிருந்து நழுவியிருக்கும்.

என் சாட்சியம் நடந்த நாளுக்கு முந்தின நாள் அரசு வக்கீலைப் பார்த்தோம். கூட வந்த என் அண்ணன், "ரெண்டு பேரை அன்னைக்கு சாயந்திரம் தெருமுனையில பார்த்ததா தங்கச்சி சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். "அம்மா, நீங்க பார்க்காததைப் பார்த்ததா சொன்னா, பார்த்ததும் போயிடும். தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. கோர்ட்டுல அது கெட்ட வார்த்தை இல்லை" என்றார். போலீஸ் என்னை விசாரித்து எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்றும், அதில் இல்லாத முக்கியமான விஷயத்தைக் கூண்டில் புதிதாகச் சொன்னால் அதை வைத்தே மடக்குவார்கள் என்றும் சொன்னார்.

கூண்டில் ஆரத்தைக் கையில் கொடுத்தார்கள். குறுக்கு விசாரணை ஏறக்குறைய இப்படி (எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவன்):

"எதிரியை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"இதே மாடல் ஆரம் எந்தக் கடையிலயும் கிடைக்கும், சரிதானே?"

"கிடைக்கும்."

"அப்போ இது உங்களோடதுன்னு போலீஸ் சொல்லிக்கொடுத்துத்தானே சொல்றீங்க?"

"இல்லைங்க. பின்னாடி கொக்கி பாருங்க. ஆரத்தோட வந்த கொக்கி உடைஞ்சுபோய் வேற கொக்கி போட்டது. பத்தவெச்ச இடம் மேடா இருக்கும். டாலர்ல இடது பக்கம் மூணாவது சிவப்புக் கல்லு இல்லை, என் ரெண்டாவது பொண்ணு குழந்தையா இருக்கும்போது கடிச்சுப் பிடுங்கினது."

நீதிபதி ஆரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னார். இந்தக் கொக்கியும் கல்லும் கைதுக்கு முன்னால் கொடுத்த பட்டியலிலேயே இருந்தன. அதுதான் இதற்கு உயிர். பொருள் கிடைத்த பிறகு அடையாளம் சொல்வதை யாரும் பெரிதாக மதிக்கப் போவதில்லை. கொக்கி மாற்றிய ஆசாரியும் வந்தார். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. "என் கைவேலை எனக்குத் தெரியாதாங்க?" என்று சொன்னவர், தன் பழைய நோட்டில் எங்கள் வீட்டுப் பேரும் கூலியும் எழுதியிருந்ததைக் காட்டினார். வளைகாப்பு ஆல்பத்தில் கல் இல்லாத டாலர் தெரிந்தது. அந்த நகையைப் போட்டுக்கொண்டவர்தான் அதை அடையாளம் காட்ட வேண்டும். முதல் சாட்சியாக வந்த என் வீட்டுக்காரரிடம் ஆரத்தில் எத்தனை கல் என்று கேட்டபோது அவர் விழித்த விழியைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்!

தங்கக் கட்டிக்கு வருகிறேன். எடை ஏறக்குறைய எங்கள் வளையல், ஜிமிக்கி எடைக்குச் சரியாக வந்தது. எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உருக்கின பிறகு அது யாருடைய தங்கமாகவும் இருக்கலாம். அந்த ஆள் வேறு வீடுகளிலும் கை வைத்தவன். கடையில் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்துப் போட்ட பக்கத்துக் கடைக்காரர் பிறழ்சாட்சி ஆனார்: "போலீஸ் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்." கூடப் போயிருந்த எங்கள் கிராம நிர்வாக அலுவலர் மட்டும் உறுதியாக நின்றார். ஆரம் கிடைத்ததற்கு அது போதும் என்றது நீதிமன்றம், கட்டிக்குப் போதவில்லை. அடகுக்கடைக்காரர் இரண்டாம் எதிரி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று காட்ட வேண்டும். அவர் நோட்டில் ஒரு பேர் எழுதி, அடையாள அட்டை நகல் ஒன்றும் வைத்திருந்தார். சந்தேகத்தின் பலன் அவருக்குப் போய் விடுதலை ஆனார். எனக்கு மனம் ஆறவில்லை, ஆனால் தீர்ப்பை இரண்டு தடவை படித்த பிறகு அந்த இடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

முதல் எதிரிக்கு மூன்று கண்ணிகள் சேர்ந்துவிட்டன: இழுப்பறை ரேகை, தட்டு, ஆரம். திருட்டு நடந்து அதிக நாள் ஆகாமல் திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன், அது எப்படி வந்தது என்று சரியான கணக்குச் சொல்லாவிட்டால், அவனே திருடன் அல்லது தெரிந்து வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். எத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கில்லை, பொருளைப் பொறுத்தது. பேர் வெட்டின தட்டு கை மாறிக்கொண்டே போகிற பொருள் இல்லை என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது.

தண்டனை மூன்று வருடம். "பதினாலு வருஷம் வரைக்கும் போடலாம்னு செக்‌ஷன்ல இருக்கே?" என்று என் அண்ணன் கொதித்தார். இருக்கிறது. ஆனால் இந்த வழக்கை விசாரிப்பது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், அவர் ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறையே மூன்று வருடம்தான். விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்று உரிமை இருக்கிறது. யோசித்தோம், விட்டுவிட்டோம்.

நகையைத் திரும்பப் பெற வழக்கு முடியக் காத்திருக்கத் தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. கைப்பற்றிய பொருள் ஸ்டேஷனிலும் நீதிமன்றத்திலும் வருடக்கணக்கில் கிடக்கக் கூடாது, படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவில் இன்னும் இறுக்கம்: பொருள் நீதிமன்றத்தில் வந்த 14 நாளுக்குள் விவர அறிக்கை தயாராக வேண்டும், படமோ வீடியோவோ எடுக்க வேண்டும், அது முடிந்து 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும். நாங்கள் பழைய சட்டத்தில் மனுப் போட்டு ஆரத்தை இடைக்காலமாக வாங்கினோம். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை. அந்தச் சமயம் என் நாத்தனார், "அண்ணி, கல்லு ஒண்ணு வெச்சுட்டா முழுசா ஆயிடும்" என்று ஆசாரியிடம் எடுத்துக்கொண்டு போகக் கிளம்பினாள். நல்லவேளை, நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்தக் கல் இல்லாத குழிதான் எங்கள் சாட்சியம் என்று அவளுக்குப் புரிய வைப்பதற்குள் குழம்பு பிடித்துவிட்டது.

மேல்முறையீட்டுக் காலம் 30 நாள் முடிந்ததும் ஆரத்தின் பிணைப்பத்திரத்தை ரத்து செய்ய மனுப் போட்டோம், உத்தரவு ஆனது. தட்டும் வந்துவிட்டது. கட்டி மட்டும் இன்னும் நீதிமன்றப் பொறுப்பில் இருக்கிறது. நாங்கள் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், அடகுக்கடைக்காரர் தன் கடையில் எடுத்தது தனக்கே சேரும் என்கிறார், நகரி பக்கத்திலிருந்து இன்னொரு குடும்பமும் அது தங்களுடையது என்று வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்து அம்மாவை வராந்தாவில் பார்த்தேன், அவர்களுக்கும் வளையல்தான் போயிருக்கிறது. அடுத்த வாய்தா கார்த்திகையில்.